அதிகாலை நான்கு மணிக்கு எந்தக் கதவு திறக்கும்? சேலத்திலிருந்து சென்னைக்குத் தனியாகப் போய்த் தங்கிய அனுபவம்

நான் சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறேன். வயது 54. வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் அப்பா விட்டுப்போன சிறிய காபித் தோட்டம் ஒன்று உண்டு. அதில் என் பங்கு குறித்து எனக்கும் அண்ணனுக்கும் வழக்கு. சேலத்தில் நடந்து முடிந்து, மேல்முறையீடாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மதுரையில் 2004-இல் கிளை வந்தாலும் சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்றும் சென்னைதான். அங்கே நீதிபதி எங்கள் வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பினார். வழக்கு விசாரணைக்கு வக்கீல் போனால் போதும். சமரசப் பேச்சுக்கு அப்படி இல்லை; நாம் நேரில் போய் உட்கார வேண்டும், அதுவும் ஒரு முறையோடு முடியாது. 2024 ஜூன் முதல் 2025 பிப்ரவரி வரை நான்கு முறை போனேன். நான்கு முறையும் தனியாக. அந்த மையத்துக்குள் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி, அதனால் வழக்கைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதப் போவதில்லை. எங்கே தங்கினேன், எப்படி அலைந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். இதை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"சென்னையில் உங்களுக்குச் சொந்தக்காரர்களே இல்லையா?" என்று பலர் கேட்டார்கள். இருக்கிறார்கள். அண்ணன் மடிப்பாக்கத்தில் இருக்கிறார். சித்தப்பா மகன், அத்தை பேத்தி என்று இன்னும் நான்கைந்து வீடுகள் உண்டு. ஆனால் வழக்கு என்று வந்த பிறகு எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அது இன்னொரு வீட்டில் பேச்சாகும். அவர்களைச் சங்கடப்படுத்தவும் எனக்கு மனம் வரவில்லை. இந்த வழக்குக்கு முன் கடைசியாக நான் சென்னைக்குப் போனது 2017-இல், ஒரு கல்யாணத்துக்கு. அப்போது மண்டபத்திலேயே தங்கினோம். லாட்ஜில் தனியாக அறை எடுத்துத் தங்குவது என் வாழ்க்கையில் இந்த வழக்குக்காகத்தான் முதல் தடவை.

முதல் பயணத்துக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தேன். சேலம் ஜங்ஷனில் இரவு ஏறினால் விடிவதற்கு முன்பே சென்ட்ரலில் இறக்கிவிடும். பக்கத்து வீட்டுப் பையன் கைபேசியில் பார்த்து, "சென்ட்ரலிலிருந்து 600 மீட்டர்தான் அத்தை, போட்டோவில் அறை நன்றாக இருக்கிறது" என்றான். ஒரு நாளைக்கு 1,450 ரூபாய். இரண்டு நாளைக்கு 2,900 ரூபாயை அப்போதே கட்டிவிட்டேன். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று போட்டிருந்ததால்தான் அந்த விலை. இல்லாவிட்டால் 200 ரூபாய் கூடுதல். அந்த 200 ரூபாயை மிச்சம் பிடித்ததாக நினைத்தேன்.

காலை நான்கு மணி இருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த 600 மீட்டர் வரைபடத்தில் கோடு போட்டு அளந்த தூரம். நடுவில் பெரிய சாலையைக் கடக்க வேண்டும், சுரங்கப்பாதையில் இறங்கி ஏற வேண்டும், எந்த வாசல் வழியாக வந்தோம் என்பதைப் பொறுத்துத் தூரமே மாறிவிடும். கேட்டுக் கேட்டு அரை மணி நேரம் நடந்தேன். லாட்ஜின் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. தட்டியதும் ஒருவர் எழுந்து வந்து ஆதாரை வாங்கிப் பார்த்தார். "கூட யார் வருகிறார்கள்?" என்றார். நான் மட்டும்தான் என்றேன். "தனியாக வரும் பெண்களுக்கு நாங்கள் அறை கொடுப்பதில்லை அம்மா" என்றார். பணம் கட்டிய ரசீதைக் காட்டினேன். பணம் எங்களிடம் வரவில்லை, வாங்கிய இடத்தில் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். அவர் குரலில் கோபமோ மரியாதைக் குறைவோ இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. தினமும் சொல்லிப் பழகிய ஒரு வாக்கியத்தை என்னிடமும் சொன்னார், அவ்வளவுதான்.

தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. இதைப் பின்னர் என் வக்கீல் எனக்குச் சொன்னார். ஆனால் அதிகாலை நான்கரை மணிக்கு, யாரும் இல்லாத தெருவில், கையில் பையோடு நிற்கும்போது சட்டம் பேசி என்ன ஆகப் போகிறது? திரும்ப சென்ட்ரலுக்கே நடந்தேன். மெட்ரோ ரயில் ஐந்து மணிக்குத்தான் தொடங்கும். தொடங்கினாலும் எங்கே போவது? பெண்கள் காத்திருக்கும் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடிய விட்டேன். கட்டணக் குளியலறையில் குளித்து, புடவை மாற்றி, பத்தரை மணிக்கு உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் போய் உட்கார்ந்தேன். எதிரே அண்ணனும் அண்ணியும் வீட்டில் தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு வந்த முகத்தோடு இருந்தார்கள். எனக்குக் கண் எரிந்தது, காதில் விழுந்த பாதி வார்த்தைகள் மனதில் தங்கவில்லை. அன்று யாராவது ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லியிருந்தால், போய்ப் படுத்தால் போதும் என்று போட்டிருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. தங்குமிடம் என்பது வெறும் படுக்கை இல்லை என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கும், கலந்தாய்வுக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறவர்களுக்கும் இதே நிலைதான். மறுநாள் நாம் எடுக்கும் முடிவு, முந்தின இரவு எங்கே படுத்தோம் என்பதில் இருக்கிறது.

ஆகவே நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். எந்தச் செயலியில் பதிவு செய்தாலும் பணம் கட்டுவதற்கு முன் அந்த லாட்ஜுக்கே போன் செய்து பேசுங்கள். வாடகை எவ்வளவு என்பதைக் கடைசியில் கேளுங்கள். எத்தனை மணிக்கு உள்ளே விடுவீர்கள், 24 மணி நேரக் கணக்கா அல்லது மதியம் 12 மணிக் கணக்கா, தனியாக வரும் பெண்ணுக்கு அறை உண்டா, இரவு கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும், வரவேற்பில் இரவு யார் இருப்பார்கள், இதையெல்லாம் முதலில் கேளுங்கள். பதில் சொல்கிறவரின் பெயரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் கேட்டாலே பதிலில் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது, நான் கவனித்திருக்கிறேன். முடிந்தால், "இந்தத் தேதியில் அதிகாலை வருகிறேன், தனியாக வருகிறேன்" என்று ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த 24 மணி நேரக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேலத்துக்காரர்களுக்கு இதுதான் பணத்தை மிச்சப்படுத்தும். நம் ஊரிலிருந்து போகும் இரவு ரயில்கள் விடியும் முன்பே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. மதியம் 12 மணிக் கணக்கு வைத்திருக்கும் இடத்தில் அதிகாலை நான்கு மணிக்குப் போனால், முந்தின நாள் வாடகையும் சேர்த்துக் கேட்பார்கள், அல்லது வாசலில் உட்காரச் சொல்வார்கள். 24 மணி நேரக் கணக்கு என்றால், நான்கு மணிக்கு நுழைந்தால் மறுநாள் நான்கு மணி வரை அறை நமக்கு. காலையில் இரண்டு மணி நேரம் தூங்கி, குளித்து, வேலையை முடித்து, திரும்ப வந்து படுத்து, அன்று இரவு ரயிலுக்கே கிளம்பிவிடலாம், ஒரே வாடகை. பெரியமேடு, எழும்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய லாட்ஜுகள் பலவற்றில் இந்தக் கணக்கு உண்டு. பளபளப்பான புது இடங்களில் பெரும்பாலும் 12 மணிக் கணக்குத்தான்.

அன்று சாயங்காலம், மறுநாளும் அமர்வு இருந்ததால், வக்கீலின் குமாஸ்தா மண்ணடியில் ஒரு லாட்ஜைக் காட்டினார். 900 ரூபாய். நீதிமன்றத்திலிருந்து நடந்தே போகலாம். பக்கம் என்றால் அவ்வளவு பக்கம். ஜார்ஜ் டவுன் பகுதியை அதுவரை நான் பார்த்ததில்லை. கோட்டை கட்டிய காலத்தில் கோட்டைக்கு வெளியே வளர்ந்த ஊர் அது; கறுப்பர் நகரம் என்று அழைக்கப்பட்டதை 1911-இல்தான் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் மாற்றினார்கள். ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெருவில் துணியும் என்று தெருவுக்கு ஒரு வியாபாரம். பகலில் பார்க்க மனம் நிறைந்தது. கோடவுன் தெருவில் லைனிங் துணியின் மொத்த விலையைக்கூட விசாரித்து வந்தேன். ஆனால் இரவில் அங்கே தூங்குவது எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குள் பாய் விரித்துப் படுப்பது போல. கடைகள் மூடிய பிறகுதான் லாரிகள் வருகின்றன. இரவு முழுக்க மூட்டை இறக்கும் சத்தம். அறையில் ஜன்னல் என்று ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். சேலத்து வெயில் சுட்டெரித்தாலும் உலர்ந்த வெயில். சென்னையில் கடற்காற்றின் ஈரம் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. ஜன்னல் இல்லாத அறையில் மின்விசிறி அந்த ஈரத்தையே சுற்றிச் சுற்றி வீசுகிறது. குழாயில் வந்தது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்கவே இல்லை, தலைமுடி நார் மாதிரி ஆகிவிட்டது.

கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் பல இடங்களில் நிலத்தடி நீர் இப்படித்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். குளிக்க எந்தத் தண்ணீர் வருகிறது, குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ தண்ணீரா, ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீரா என்று கேட்பது சென்னையில் கூச்சப்பட வேண்டிய கேள்வியே இல்லை. அங்கே வாடகை வீடு பார்க்கிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். அறையில் வெளிக்காற்று வரும் ஜன்னல் உண்டா என்றும் கேளுங்கள். "ஏசி இருக்கிறது" என்று பதில் வந்தால் ஜன்னல் இல்லை என்று பொருள். வேலை இருக்கும் இடத்துக்கு மிகப் பக்கத்தில் தங்குவதுதான் புத்திசாலித்தனம் என்ற என் எண்ணம் மண்ணடியில் மாறியது. கடைத்தெருவுக்கு நடுவில் இருக்கும் லாட்ஜ் பகலில் கூட்டம், இரவில் லாரி, ஞாயிற்றுக்கிழமை ஆள் நடமாட்டமே இல்லாத தெரு.

ஆகஸ்டில் இரண்டாம் அமர்வு. ரயிலில் இடம் கிடைக்கவில்லை, பஸ்ஸில் போனேன். முன்பு சேலம் பஸ்கள் கோயம்பேடு வரை போகும், எனக்கு அந்த நிலையம் பழக்கம். அதனால் கோயம்பேட்டில் அறை பதிவு செய்தேன். தனியாக வருகிறேன் என்று இந்த முறை போனிலேயே சொல்லிவிட்டேன், சரி என்றார்கள். ஆனால் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாக வரும் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. 2023 டிசம்பர் 30 அன்று அந்தப் புதிய நிலையம் திறக்கப்பட்ட செய்தியை நானும் படித்திருந்தேன். ஆனால் அது வண்டலூரையும் தாண்டி இருக்கிறது, அங்கிருந்து கோயம்பேடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் என்பது இறங்கிய பிறகுதான் புத்தியில் ஏறியது. கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ ரயில் இல்லை. நள்ளிரவு தாண்டிய நேரம். மாநகரப் பஸ்ஸுக்காகக் காத்திருக்கப் பயந்து ஆட்டோ பிடித்தேன், 850 ரூபாய். பகலாக இருந்திருந்தால் மாநகரப் பஸ்ஸில் கிண்டிக்கு வந்து மெட்ரோ ஏறியிருக்கலாம். சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை.

கோயம்பேடு அறையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிலையமே உயர் நீதிமன்றம். மண்ணடியில் நடந்து போனதைவிட இதுவே களைப்பில்லாமல் இருந்தது. சென்னையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் பார்க்காமல், எத்தனை முறை வண்டி மாற வேண்டும் என்று கணக்குப் பார்க்க வேண்டும் என்பதை அந்தப் பயணம் சொல்லிக் கொடுத்தது. நீங்கள் வந்து இறங்கும் இடம், தங்கும் இடம், வேலை நடக்கும் இடம், இந்த மூன்றும் ஒரே ரயில் தடத்தில் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. நான் பின்னிரண்டை மட்டும் பார்த்து முன்னதை விட்டுவிட்டேன்.

மூன்றாவது பயணத்தில் பட்டதுதான் பெரிய பாடு. அக்டோபர் 15 செவ்வாய்க்கிழமை அமர்வு. இந்த முறை லாட்ஜே வேண்டாம், வீடு மாதிரி ஒரு இடத்தில் தங்கலாம் என்று வேளச்சேரியில் ஒரு வீட்டு மாடி அறையைப் பிடித்தேன். ஒரு நாளைக்கு 1,600 ரூபாய், மூன்று நாள். சமையல் செய்துகொள்ளலாம், வீட்டுக்கார அம்மா கீழேயே இருப்பார். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில் கடற்கரை நிலையம் வரை போகும், அங்கிருந்து உயர் நீதிமன்றம் நடக்கும் தூரம் என்று வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தேன். முதல் நாள் ஒத்திகைக்காகப் போய்ப் பார்த்தால் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிட்டது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடும் வேலைக்காக 2023 ஆகஸ்டிலிருந்தே அப்படித்தானாம். அந்த அக்டோபர் மாதக் கடைசியில்தான் மறுபடியும் கடற்கரை வரை ஓடத் தொடங்கியது. சென்னையில் மெட்ரோ வேலைகளுக்காக மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளில் சாலைகளை எங்கெங்கோ திருப்பி விட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் தெரியும் வழி இன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று அந்தப் பகுதியில் இருக்கும் ஒருவரிடம் கேட்டுவிட்டு அறை பிடியுங்கள். லாட்ஜ்காரரைவிட அந்தப் பகுதி ஆட்டோக்காரர் சரியாகச் சொல்வார்.

திங்கள் இரவே மழை பிடித்துக்கொண்டது. சேலத்தில் மழை என்றால் ஏற்காடு மலை மேல் மேகம் இறங்குவது தெரியும், சேர்வராயனை மூடிக்கொண்டு வரும், ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். சென்னையில் வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து வருகிறது. ஒரே மாதிரி நிற்காமல் பெய்கிறது. அந்தப் பகுதிக்காரர்கள் முந்தின நாளே தங்கள் கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிலைமை புரிந்தது. 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் அவர்கள். அந்த வட்டாரம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் ஏரிகளையும் ஒட்டிய தாழ்ந்த பகுதி. செவ்வாய்க்கிழமை காலை தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஒன்பது மணிக்குச் சமரச மையத்திலிருந்து போன் வந்தது, எதிர்த்தரப்பு வர முடியவில்லை, அமர்வு தள்ளிவைக்கப்படுகிறது என்று. மடிப்பாக்கமும் அதே பகுதிதான். அண்ணன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருக்குமோ என்று அன்று முழுக்க நான் தவித்தேன். போன் செய்து கேட்கக் கை போகவில்லை. என்னிடம் இருந்த தட்டுவடைப் பொட்டலத்தையும் வீட்டுக்கார அம்மா கொடுத்த ரசம் சாதத்தையும் சாப்பிட்டுவிட்டு மாடி ஜன்னலில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷி அவர். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. புதன்கிழமை மழை கொஞ்சம் விட்டதும் 700 ரூபாய் கொடுத்து ஆட்டோவில் சென்ட்ரல் வந்து சேர்ந்தேன். தங்காத மூன்றாம் நாளுக்கும் 1,600 ரூபாய் போனது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக்குப் போகிறவர்கள் அறையின் அழகைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தெரு தாழ்வா மேடா என்று கேளுங்கள். 2023 டிசம்பரில் உங்கள் தெருவில் தண்ணீர் நின்றதா, எத்தனை நாளில் வடிந்தது என்று நேராகக் கேட்டுவிடலாம். உண்மையைச் சொல்வார்கள், அது அவர்கள் மறைக்கக்கூடிய விஷயமும் இல்லை. அந்த மாதங்களில் முன்பணம் முழுவதையும் கட்டாதீர்கள். ரத்து செய்யும் வசதிக்காகக் கொடுக்கும் 200, 300 ரூபாயை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். நீதிமன்ற வேலையாகப் போகிறவர்களுக்கு இது எந்த மாதத்திலும் பொருந்தும். வழக்குப் பட்டியல் முந்தின நாள் மாலைதான் உறுதியாகிறது, அதன் பிறகும் தள்ளிப் போகலாம்.

ஊருக்கு வந்து கணக்கு நோட்டில் எழுதிப் பார்த்தேன். தங்காத லாட்ஜுக்கு 2,900, கிளாம்பாக்கம் ஆட்டோவுக்கு 850, வேளச்சேரியில் தங்காத நாளுக்கு 1,600, மழையில் ஆட்டோவுக்கு 700. மொத்தம் 6,050 ரூபாய். சாதாரண ரவிக்கைக்கு நான் வாங்குவது 150 ரூபாய். நாற்பது ரவிக்கை. ஒவ்வொன்றையும் வெட்டி, தைத்து, கொக்கி வைத்து, காஜா எடுத்த நேரம் எனக்குக் கண்ணுக்குள் ஓடியது. அன்று இரவு அழுதேன். பணத்துக்காக மட்டும் இல்லை. இத்தனை வயதுக்கு மேல் ஒரு ஊரில் போய்ப் படுக்க இடம் தெரியாமல் நிற்கிறோமே என்ற தவிப்பு அது.

நான்காவது பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து 11 இடங்களுக்குப் போன் செய்தேன். நான்கு இடங்களில் தனிப் பெண்ணுக்கு அறை இல்லை என்று நேரடியாகச் சொன்னார்கள். அவர்களுக்கு நன்றி, குறைந்தபட்சம் முன்பே சொன்னார்களே. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலுக்கும் கடற்கரைக்கும் நடந்து போகலாம் என்று ஆசைப்பட்டு விசாரித்தேன். அங்கே இருக்கும் மேன்ஷன்கள் என்னும் விடுதிகள் பெரும்பாலும் தனி ஆண்களுக்கானவை. வேலை தேடிப் போகும் தம்பிகளுக்கு அதைவிடக் குறைந்த செலவில் சாப்பாடும் தங்குமிடமும் கிடைப்பது கடினம், எனக்குத்தான் பொருந்தவில்லை. திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் கடற்காற்று உண்டு. ஆனால் என் வேலை ஊரின் மறுகோடியில். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்ததில் எழும்பூர் நின்றது. சேலத்திலிருந்து ஆத்தூர், விருத்தாசலம் வழியாகப் போகும் ரயில் எழும்பூரிலேயே இறக்கிவிடும். ரயில் நிலையத்துக்கு எதிரே கென்னட் லேன் முழுக்க லாட்ஜுகள். இரவும் பகலும் பயணிகள் வந்துபோகும் தெரு, அதனால் அதிகாலையிலும் டீக்கடை திறந்திருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும். எழும்பூரில் மெட்ரோ ஏறினால் அடுத்தது சென்ட்ரல், அங்கே மாறினால் அடுத்தது உயர் நீதிமன்றம். அந்தப் பகுதியில் ஒரு இடத்தில் வரவேற்பில் ஒரு பெண் பேசினார். 24 மணி நேரக் கணக்கு, வரி சேர்த்து 1,300 ரூபாய், முதல் மாடி, தெருப் பக்க ஜன்னல். "நாலு மணிக்கு வந்தாலும் மணி அடியுங்கள் அம்மா, ஆள் இருப்பார்கள்" என்றார். பிப்ரவரியில் போனபோது மணி அடித்தேன். ஆள் இருந்தார். கதவு திறந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபோது வந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை.

இன்னும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். உறுதியான ரயில் டிக்கெட் இருந்தால் சென்ட்ரல், எழும்பூர் இரண்டு நிலையங்களிலும் ரயில்வே ஓய்வறைகளை இணையத்தில் முன்பதிவு செய்யலாம், 12 மணி நேரத்துக்கும் கிடைக்கும். சீக்கிரமே நிரம்பிவிடும் என்பதால் டிக்கெட் எடுத்த அன்றே பாருங்கள். பல நாள் தங்க வேண்டிய பெண்கள் தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகளை விசாரியுங்கள். அடையாறு, தாம்பரம் பக்கம் இருக்கின்றன, குறுகிய காலத் தங்கலுக்கும் இடம் தருகிறார்கள். அடையாள அட்டையின் அசலைக் கையில் வைத்திருங்கள். நகல் கொடுக்க வேண்டி வந்தால் முதல் எட்டு எண்கள் மறைந்த ஆதாரை இறக்கி, அதன் குறுக்கே தேதியையும், தங்குவதற்காக என்றும் எழுதிக் கொடுங்கள். அறைக்குள் போனதும் தாழ்ப்பாளையும், குளியலறை ஜன்னலையும், குழாயையும் பார்த்துவிட்டு அதன் பிறகு முன்பணம் கொடுங்கள். எந்த இடத்தில் தங்கியிருக்கிறீர்கள் என்பதைத் தெரு, மாடி, அறை எண்ணோடு ஊரில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். எனக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பையன்தான். முதல் பயணத்துக்குப் பிறகு அவனுக்கு என்னைவிட வருத்தம்.

நன்றாகத் தூங்கி எழுந்து போன அந்த அமர்வின் அன்றுதான் உயர் நீதிமன்றக் கட்டடத்தையே நிமிர்ந்து பார்த்தேன். 1892-இல் கட்டி முடித்த அந்தச் சிவப்புக் கட்டடத்தின் உயரமான கோபுரத்தின் உச்சியில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கம் இருந்ததாம். மெரினாவில் இப்போது இருக்கும் விளக்கம் 1977-இல் வரும் வரை கப்பல்களுக்கு அதுதான் வழி காட்டியது. முதல் இரண்டு பயணங்களில் அதன் நிழலில் நடந்தும் நான் தலை தூக்கிப் பார்க்கவில்லை. பேச்சு முடிந்து வெளியே வந்தபோது அண்ணன் மரத்தடியில் நின்றிருந்தார். "எங்கே தங்கியிருக்கிறாய் பாப்பா?" என்று கேட்டார். எழும்பூரில் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பக்கம் சாப்பாடு பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை அண்ணா என்றேன். மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று அப்போதுதான் என்னாலும் கேட்க முடிந்தது. வாசற்படி வரை வந்து நின்றுவிட்டது என்றார்.

அடுத்த அமர்வுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். எழும்பூர் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், அதே அறையைக் கேட்டிருக்கிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள் மீண்டும் ஒருமுறை போன் செய்து, அதிகாலை நான்கு மணிக்கு வருகிறேன், தனியாக வருகிறேன் என்று சொல்ல வேண்டும்.